வணிகச் சிக்கலை ஆராய்வதும் தேவைகளைக் கேட்டறிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனத்துக்குள் சென்று, அதன் சிக்கல் என்ன, அது தீர எவையெவை தேவை என்று எழுதித் தரும் வேலையைப் புதிதாக ஏற்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய பதவியின் பெயர் பிசினஸ் அனலிஸ்ட் என்றும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பதில்கள் அந்தரத்தில் நிற்காமலிருக்க, திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. வேலை நடக்கும் முறை அந்த ஊரில் உள்ளதுதான்.

முதலாளி முதல் சந்திப்பிலேயே “எங்களுக்கு ஒரு ஈஆர்பி மென்பொருள் வேண்டும்” என்கிறார். அதையே தேவை என்று எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. ஈஆர்பி என்பது கொள்முதல், உற்பத்தி, கணக்கு என நிறுவனத்தின் வேலைகளையெல்லாம் ஒன்றாக இணைக்கும் மென்பொருள். அவர் சொன்னது தீர்வு; சிக்கலை அவர் இன்னும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதில் அவர்மீது குறையும் இல்லை. பல மாதம் தொல்லைப்பட்டு, தெரிந்த ஒருவர் ஏதோ மென்பொருள் வாங்கி நிம்மதியடைந்ததாகக் கேள்விப்பட்டு, அதையே தமக்கும் மருந்தென்று முடிவு செய்திருப்பார். நாம் கேட்க வேண்டியது இதுதான்: “அந்த மென்பொருள் வந்த பிறகு, இப்போது நடப்பவற்றில் எது நடக்காமல் போக வேண்டும்?” அப்போதுதான், ஷிப்மென்ட் தேதி தவறிக்கொண்டே இருக்கிறது, தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போக வேண்டிய சரக்கைப் போன சீசனில் விமானத்தில் அனுப்பி லாபமெல்லாம் கரைந்தது என்ற செய்தி வெளிவரும்.

ஈஆர்பி கோரிக்கையைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. ‘முதலாளி எதிர்பார்க்கும் தீர்வு’ என்று தனியாகக் குறித்து வையுங்கள். ஆய்வு முடியும் நாளில் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

சிக்கலை எழுத்தில் எப்படிச் சொல்வது?

என்ன நடக்கிறது, எத்தனை முறை, எந்தக் காலத்தில், யாருக்கு என்ன இழப்பு என்ற நான்கும் இருக்க வேண்டும். காரணமும் தீர்வும் குற்றச்சாட்டும் இருக்கக் கூடாது. “மெர்ச்சண்டைசர்களிடையே ஒருங்கிணைப்பு இல்லாததால் ஆர்டர்கள் தாமதமாகின்றன” என்று எழுதினால், ஆராயும் முன்பே காரணத்தையும் குற்றவாளியையும் முடிவு செய்துவிட்டோம். அதைப் படிக்கும் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்கும் பையருக்கும் உற்பத்திக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிப்பவர், அதன் பிறகு நம்மிடம் ஓர் உண்மையும் சொல்ல மாட்டார்.

மாறாக இப்படி எழுதலாம்: “கடந்த 6 மாதங்களில் அனுப்பிய 40 ஆர்டர்களில் 14, பையருடன் முதலில் ஒப்புக்கொண்ட தேதிக்கு 6 முதல் 15 நாள் கழித்தே அனுப்பப்பட்டன, அவற்றில் 5 ஆர்டர்கள் நிறுவனத்தின் செலவில் விமானத்தில் சென்றன.” இதில் ‘முதலில் ஒப்புக்கொண்ட’ என்ற இரு சொற்கள் முக்கியமானவை. பையரிடம் கெஞ்சித் தேதியைத் திருத்தி வாங்கிய ஆர்டர்களைத் திருத்திய தேதிப்படி எண்ணினால் 14 என்பது 8 ஆகக் கூடும். எந்தத் தேதியை வைத்து எண்ணினோம் என்று எழுதாத எண்ணிக்கையை முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் மறுத்துவிடுவார்.

ஸ்டேக்ஹோல்டர் என்பவர்கள் யார்? அவர்களை எப்படிப் பட்டியலிடுவது?

பலர் இச்சொல்லைப் ‘பங்குதாரர்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். பங்குதாரர் என்றதும் முதல் போட்டவர் மட்டுமே நம் மனத்தில் வருவார் என்பதால், அது இந்த வேலைக்குக் கேடு செய்யும் சொல் என்றே கருதுகிறேன். ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்ற பழகிய சொல் போதும். சிக்கலால் பாதிக்கப்படுபவர், தீர்வால் வேலைமுறை மாறப்போகிறவர், தீர்வைத் தடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர்.

பட்டியலை நிறுவனத்தின் பதவி வரிசையிலிருந்து தொடங்கினால் பாதிப் பேர் விடுபடுவார்கள். துணியின் பின்னால் நடந்து செல்வதே நல்ல வழி. நூல் வாங்குபவர், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் செய்பவர், சாய ஆலை, துணி பின்னர் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங், துணிக் கிடங்கின் பொறுப்பாளர், கட்டிங் மாஸ்டர், தையல் லைனின் சூப்பர்வைசர், செக்கிங் செய்யும் பெண்கள், அயர்னிங், பேக்கிங், சரக்கை அனுப்பும் முகவர் என்று துணி கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் இருக்கிறார். இவற்றில் நிட்டிங்கும் சாயமேற்றும் டையிங்கும் பெரும்பாலும் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்துதரும் வேறு இடங்களில், வெளியே நடப்பவை. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அந்த மனிதர்களின் பெயர் இருக்காது. ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி அவர்களுடைய வாசலில்தான் நிகழக்கூடும்.

நேரில் பேட்டி காண முடியாதவர்களும் உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததைத் தொடர்ந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறிய ஆலைகளே இயங்க முடியும் என்ற நிலை வந்தது. ஆகவே “இன்னொரு சாய ஆலையைச் சேர்த்துக்கொள்ளலாம்” என்று எழுதுவதற்கு முன், அந்த ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உண்டா என்று பார்த்தாக வேண்டும். நம் கூட்டங்கள் எதற்கும் வாரியம் வராது என்றாலும் அதுவும் சம்பந்தப்பட்ட தரப்பே.

கீழ்நிலைப் பணியாளர்களைக் கேட்காமல் விட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

இலண்டனில் ஆனதைச் சொல்கிறேன். அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலைக்காகக் கணினி முறை ஒன்றை 1992 அக்டோபர் 26 அன்று இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய பிழையின்றி வந்துகொண்டே இருந்தால்தான் அம்முறை சரியாக வேலை செய்யும். களத்தில் தகவல் அப்படி வரவில்லை. ஒரே அழைப்புக்கு இரண்டு வண்டிகள் சென்றன. சில அழைப்புகள் வரிசையில் காணாமல் போயின. வண்டி வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைக்க, சுமை மேலும் ஏறியது. நவம்பர் 4 அன்று அம்முறை முற்றிலும் நின்று, காகிதச் சீட்டு முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை மென்பொருளின் குறைகளோடு, அதைப் பயன்படுத்த வேண்டிய பணியாளர்களுக்கு அதன்மீது நம்பிக்கையோ, அது தங்களுடையது என்ற உணர்வோ இல்லாமல் போனதையும் சேர்த்தே குறிப்பிட்டது. நோயாளியை ஏற்றும் அவசரத்தில் ஊழியர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவார் என்பதை அந்த வண்டியில் போகிறவரைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

யாரை முதலில் சந்திக்க வேண்டும்?

பணத்துக்குப் பொறுப்பானவரை முதலில் சந்தித்து, எங்கும் சென்று எவரிடமும் பேசலாம் என்ற அனுமதியை அவர் வாயாலேயே எல்லோருக்கும் அறிவிக்கச் செய்யுங்கள். அதன் பிறகு நேராக வேலை நடக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். நடுவிலுள்ள மேலாளர்களைக் கடைசியில் சந்திப்பது எனக்குப் பயன் தந்திருக்கிறது; அதற்குள் கேட்க வேண்டியவை கையில் சேர்ந்திருக்கும்.

பேட்டியில் என்ன கேட்பது?

“வழக்கமாக என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், எப்படிச் செய்ய வேண்டுமோ அதைச் சொல்வார்கள். கடைசியாக நடந்த ஒன்றைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். “மாஸ்டர், உங்களுக்குக் கடைசியாக வந்த துணி லாட் எது? அது வரும் என்று எந்தத் தேதி சொல்லியிருந்தார்கள், எந்தத் தேதி வந்தது? அதுவரை டேபிளில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?” என்று குறிப்பிட்ட ஒரு லாட்டைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுப்பார். அந்த நோட்டு மிகப் பெரிய ஆவணம். நிறுவனத்தின் கணினியில் இல்லாத தகவலை ஒருவர் தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார் என்றால், அந்தத் தகவல் இல்லாமல் அவர் வேலை ஓடாது என்று பொருள். அனுமதி கேட்டு அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விதிவிலக்குகளைக் கேளுங்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறைந்து வந்தால் என்ன செய்கிறீர்கள், பாதித் துணி மட்டும் வந்தால் வெட்டத் தொடங்குவீர்களா, சூப்பர்வைசர் விடுப்பில் இருந்தால் யார் முடிவெடுப்பார்? அன்றாட வேலையை எவரும் சொல்லிவிடுவார்கள். விதிவிலக்குகளைத் தேடிக் கேட்டால்தான் கிடைக்கும்.

“ஏன் தாமதமாயிற்று?” என்று ஒருவரின் முகத்துக்கு நேரே கேட்காதீர்கள். நம் பேச்சு வழக்கில் ‘ஏன்’ என்பது பாதி விசாரணை, பாதி அதட்டல். “அதற்கு முன் என்ன நடந்தது?” என்று கேட்டால் அதே பதில் பயமில்லாமல் வரும். மேலாளரை அருகில் வைத்துக்கொண்டு பணியாளரிடம் பேட்டி எடுக்கவும் கூடாது. திருப்பூரின் தையல் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு பேச மொழிபெயர்ப்பவர் தேவைப்பட்டால், அவர்களுடைய சூப்பர்வைசரையே அதற்குப் பயன்படுத்தாமல், உடன் வேலை செய்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டியின் இறுதியில், கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். “அப்படியில்லை சார்” என்று அவர் தொடங்கும் இடத்தில்தான் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது தெரியவரும்.

பேட்டி மட்டும் போதாதா? நேரில் பார்க்கவும் வேண்டுமா?

வேண்டும். ஒரு முழு ஷிப்ட் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். கேட்டால் யாரும் சொல்லாதவை, பொய் சொல்லும் எண்ணமின்றியே சொல்லாதவை, அங்கே கண்ணில் படும். பழகிப்போன தொல்லை தொல்லையாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

“ஐந்து முறை ஏன்” என்ற முறையை எப்படிப் பயன்படுத்துவது?

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வேரூன்றி, அதன் உற்பத்தி முறையை வடிவமைத்த டாயிச்சி ஓனோ வலியுறுத்திய முறை இது. கண்முன் நிற்கும் விளைவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு, நம்மால் மாற்றக்கூடிய காரணம் வரை செல்வது. மேலே சொன்னபடி, இந்த ‘ஏன்’ நம் தாளில்தான் இருக்க வேண்டும், வாயில் வரக் கூடாது.

நம் உதாரணத்தில் 14 ஆர்டர்களின் நாட்களையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தால், 9 ஆர்டர்கள் துணி கட்டிங்குக்கு வரும் முன்பே தாமதமாகியிருந்தன. 3 ஆர்டர்கள் லேபிளும் பாலிபேகும் வராமல் நின்றன. தையலில் தாமதமானவை 2 மட்டும். அந்த 9இல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டிங் ஏன் தாமதமாகத் தொடங்கியது? துணி வரவில்லை. துணி ஏன் வரவில்லை? சாய ஆலை தாமதமாகத் தொடங்கியது. ஏன்? லேப் டிப்புக்கு, அதாவது சாய ஆலை முதலில் சிறு துணியில் சாயமேற்றித் தரும் நிற மாதிரிக்கு, அப்ரூவல் தாமதமாக வந்தது. ஏன்? முதல் இரண்டு மாதிரிகளைப் பையர் மறுத்து, மூன்றாவதைத்தான் ஏற்றார். ஏன் மறுத்தார்? பையர் தம் கடை விளக்கான டிஎல்84 ஒளியில் நிறத்தைப் பார்த்தார். சாய ஆலை பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் நிறத்தைப் பொருத்தி அனுப்பியிருந்தது. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கின் கீழ் விலகித் தெரிவது சாயத் தொழிலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. எந்த விளக்கில் பார்க்க வேண்டும் என்பது பையர் அனுப்பிய குறிப்பில் இருந்தது. ஆனால் மெர்ச்சண்டைசர் சாய ஆலைக்கு அனுப்பும் கோரிக்கையில் அதை எழுதுவதற்கு இடமே இல்லை.

இங்கே நிறுத்தலாம். ஒரு படிவத்தில் இல்லாத ஒரு கட்டம், இரண்டு வாரங்களை விழுங்கியிருக்கிறது.

ஆனால் ஒரு ஆர்டரில் கிடைத்த பதிலை ஒன்பதுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஒன்பதையும் தனித்தனியே பார்த்தால், 6 மட்டுமே இக்காரணத்தால் தாமதமானவை. மற்ற 3இல், நிறத்துக்கு அப்ரூவல் விரைவில் வந்தும், ஆர்டர் சிறியது என்பதால் சாய எந்திரத்தின் கொள்ளளவு நிறையும் வரை துணி ஆலையில் காத்துக் கிடந்தது. அரை எந்திரத் துணிக்காக நீரையும் ஆவியையும் செலவிட எந்த ஆலையும் தயங்கும். இரண்டு காரணங்களுக்கும் தீர்வு வேறு வேறு. காரணங்கள் இப்படிக் கிளைவிடும்போது, கவோரு இஷிகாவாவின் மீன்முள் வரைபடத்தில் எல்லோர் முன்னிலையிலும் வரைந்து காட்டினால் எளிதில் பிடிபடும்.

இருவர் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் யார் பக்கம் நிற்பது?

யார் பக்கமும் நிற்கக் கூடாது. பையர் கேட்டால் அளவு விகிதத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்ற வழி வேண்டும் என்பார் மெர்ச்சண்டைசர். வெட்டத் தொடங்குவதற்கு 3 நாள் முன்பே அதைப் பூட்டிவிட வேண்டும் என்பார் உற்பத்தி மேலாளர். இரண்டுக்கும் நியாயம் உண்டு. இரண்டையும் அவரவர் சொற்களிலேயே எழுதி, எதைத் தேர்ந்தால் என்ன செலவு என்று கணக்கிட்டு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரின் முன் வையுங்கள். முடிவையும் அதன் தேதியையும் பதிவு செய்யுங்கள். முரண்பாட்டை மழுப்பி இருவருக்கும் பொருந்துவதுபோல் ஒரு வாக்கியம் எழுதுவதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. அந்த வாக்கியம் மென்பொருள் எழுதுபவரின் மேசையில் வெடிக்கும்.

எல்லோரும் அறிந்த சொற்களுக்கும் பொருள் எழுதி வைக்க வேண்டுமா?

கட்டாயம். மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த 5,000 செட் என்பது மெர்ச்சண்டைசருக்கு 5,000. தையல் லைனுக்கு 10,000 பீஸ். ‘முடிந்தது’ என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள்: வெட்டி அடுக்கினால் முடிந்தது என்பார் கட்டிங் மாஸ்டர், பண்டில் கட்டித் தையலுக்குக் கொடுத்தால்தான் முடிந்தது என்பார் லைன் சூப்பர்வைசர். 1999 செப்டம்பர் 23 அன்று நாசா தன் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக் கலத்தை இழந்ததற்கு மூலகாரணம், தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தர, அதைப் பெற்றவர்கள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதே. அலகு எது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ஒரு தேவையை எப்படி எழுதினால் சரி?

அது நிறைவேறியதா இல்லையா என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சோதித்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “லேப் டிப் விவரங்களை எளிதாகவும் விரைவாகவும் பார்க்க வசதி வேண்டும்” என்பதை எவராலும் சோதிக்க முடியாது. “முதன்மை விளக்கு, இரண்டாம் விளக்கு என்ற இரு கட்டங்களில் ஒன்றேனும் நிரப்பப்படாத லேப் டிப் கோரிக்கை சாய ஆலைக்கு அனுப்பப்படக் கூடாது” என்பதைச் சோதிக்கலாம். “சாய ஆலையிடமிருந்து மாதிரி கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பையருக்கு அனுப்பப்படாத ஒவ்வொரு நிறமும், மறுநாள் காலை 9 மணிக்கு உற்பத்தி மேலாளரின் பட்டியலில் இடம்பெற வேண்டும்” என்பதையும் சோதிக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் அதை யார் கேட்டார், எந்தச் சிக்கலுக்காகக் கேட்டார் என்று எழுதுங்கள். எந்தச் சிக்கலோடும் இணையாத தேவை, யாரோ வேறெங்கோ பார்த்து ஆசைப்பட்டது.

என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எந்தச் சூழலில் செய்ய வேண்டும் என்பதும் தேவைதான். சூப்பர்வைசர் நின்றுகொண்டே, விலை குறைந்த கைப்பேசியில், தமிழில் பார்ப்பார். துணிக் கிடங்கில் சிக்னல் கிடைக்காது. இவற்றை எழுதாவிட்டால், மேசையில் அமர்ந்து ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கான மென்பொருள்தான் வந்து சேரும்.

எல்லாமே அவசரம் என்கிறார்கள். எப்படி வரிசைப்படுத்துவது?

ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய டாய் கிளெக் 1994இல் வகுத்த ‘மாஸ்கோ’ முறை (மஸ்ட், ஷுட், குட், வோன்ட் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர்) எளிது: கட்டாயம் வேண்டியவை, வேண்டியவை, இருந்தால் நல்லவை, இம்முறை இல்லாதவை. நான்காவது பிரிவை வெட்கப்படாமல் நிரப்புங்கள். “இது இல்லாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டரை வாங்க மறுப்பீர்களா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால், கட்டாயம் என்ற பிரிவில் நின்றவற்றில் பெரும்பாலானவை தாமே இறங்கிவிடும்.

ஒப்புக்கொண்ட பின் தேவைகளை மாற்றுகிறார்கள். மறுத்துவிடலாமா?

மாற்றம் வருவது இயல்பு. கணக்கில்லாமல் வருவதுதான் ஆபத்து. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளுக்காகத் தொடங்கிய மென்பொருள் திட்டத்தை, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005இல் கைவிட்டது. தேவைகள் சரிவர வரையறுக்கப்படாததும், வேலை நடக்கும்போதே அவை மாறிக்கொண்டிருந்ததும் முக்கியக் காரணங்களாக ஆய்வறிக்கைகளில் சொல்லப்பட்டன. அங்கே தேவை ஆவணம் இல்லாமலில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்தது. எனவே பக்கங்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். மாற்றம் கேட்பவரிடம், அதனால் எத்தனை நாள் கூடும், எது பின்தள்ளப்படும் என்று எழுதிக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் “ஓகே” என்று அனுப்பினால் ஒப்புதலாகக் கொள்ளலாமா?

எந்தப் பதிப்புக்கு ‘ஓகே’ என்று அதே செய்தியில் இருந்தால் கொள்ளலாம். முக்கியமானவற்றைச் சத்தமாக வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதே மேல். நீண்ட கோப்பை முழுவதும் திறந்து படிப்பவர்கள் குறைவு.

இறுதியில் மென்பொருளே வேண்டாம் என்று தோன்றினால் முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

முதலில் தனியாகக் குறித்து வைத்த அந்த வரியை எடுத்து, 14 ஆர்டர்களின் கணக்கோடு அவர் முன் வைக்க வேண்டும். 6 ஆர்டர்களின் தாமதத்தைப் படிவத்தில் சேர்க்கும் இரண்டு கட்டங்களும், காலையில் பார்க்கும் ஒரு பட்டியலும் தடுக்கக்கூடும். அதற்குக் காகிதமே போதும். 3 ஆர்டர்களுக்கு, சிறிய எந்திரம் வைத்திருக்கும் சாய ஆலையோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்; அதை எந்த மென்பொருளும் செய்யாது. லேபிளும் பாலிபேகும் வராமல் நின்ற 3 ஆர்டர்களுக்கு, கொள்முதலைக் கண்காணிக்கும் மென்பொருள் பகுதி உண்மையிலேயே உதவும். தையலில் தாமதமான 2 ஆர்டர்களைப் பற்றி இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அதோடு ஒரு சோதனையையும் முன்மொழியுங்கள். அடுத்து வரும் 20 ஆர்டர்களுக்குப் புதிய படிவத்தைப் பயன்படுத்தி, எத்தனை நிறங்கள் முதல் மாதிரியிலேயே அப்ரூவல் பெறுகின்றன என்று எண்ணுவோம். ஈஆர்பி பற்றிய முடிவை அந்த எண்ணிக்கை கைக்கு வந்த பிறகு எடுப்போம்.